அரிதாரப் பானகம்

விடிந்ததிலிருந்து கோமளவல்லிக்கு ஒரு வேலையிலும் கை ஓடவில்லை. மாமனார் தேசிகன் குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, கோயில் மடப்பள்ளிக்குக் கிளம்புகிற வரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்தாள். அவர் வீதி முனை திரும்பினதுதான் தாமதம், முன்னறைக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

“ஏன்னா, இது நமக்கு வேண்டாம். வரப்போற பத்திரிகைக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பிச்சுடுங்கோ.”

அவள் புருஷன் எம்பார் மூக்கையும் வாயையும் சேர்த்து ஈரத்துண்டால் கட்டிக்கொண்டு கல்வத்தில் மஞ்சளாக எதையோ அரைத்துக்கொண்டிருந்தான். துண்டுக்குள்ளிருந்தே, “கதவைச் சாத்து, தூள் பறக்கறது,” என்றான்.

அது அரிதாரம். பெருமாளின் பீதாம்பரத்துக்கு எம்பார் வேறு மஞ்சளைத் தொடமாட்டான். கடைகளில் டப்பா டப்பாவாகச் சாயம் வந்துவிட்டது, மனிதன் நிலாவுக்கே கிளம்பிக்கொண்டிருக்கிறான், இவன் மட்டும் இன்னும் நாட்டு மருந்துக் கடையில் அந்தக் கட்டியை வாங்கி வந்து தானே அரைப்பான். பாஷாண வகை என்று கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் சொல்லித்தான் பொட்டலம் கட்டுவார். அரைத்த கையைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவாமல் அவன் சோற்றில் கை வைத்ததில்லை.

எம்பார் காலண்டர் ஓவியன். திருவள்ளூரில் பாதி வீட்டுச் சுவர்களில் அவன் வரைந்த பெருமாளும் தாயாரும்தான் தொங்கினார்கள். ஆனால் வரைந்தது அவன் என்று ஒரு காக்கைக்கும் தெரியாது. அச்சகத்தில் படத்தின் கீழ் ஓரத்தை, சரியாக அவன் பெயர் எழுதின இடத்தை, வெட்டிவிட்டு அங்கே ஏதாவது புண்ணாக்கு மண்டியின் விலாசத்தைப் போட்டுவிடுவார்கள். அவனும் வருஷா வருஷம் பெயரைக் கொஞ்சம் மேலே தள்ளி எழுதிப் பார்த்தான். கத்தியும் கூடவே மேலே ஏறியது. ஒரு வருஷம் தாயாரின் திருவடியில் பாதி போய்விட்டது. அதற்கப்புறம் அவன் பெயர் எழுதுவதையே விட்டுவிட்டான். விட்டுவிட்டதாகச் சொல்லிக்கொண்டான் என்பதே சரி.

இப்படி இருக்கும்போதுதான் மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றிலிருந்து ஆள் வருவதாகச் சேதி வந்தது. கோடைக்காலம் முழுக்க அந்தப் பத்திரிகையில் வாரம் ஒரு கலைஞர் வீட்டுச் சமையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். வீணைக்காரர் வீட்டு வெள்ளரிப் பச்சடி வந்துவிட்டது, சிற்பி வீட்டுக் கம்மங்கூழ் வந்துவிட்டது. கலைஞர் வேலையில் உட்கார்ந்திருக்க வேண்டும், முன்னால் பதார்த்தம் இருக்க வேண்டும், பக்கத்தில் அதைச் செய்கிற விதம், அவருக்குக் கற்பனை எங்கிருந்து ஊறுகிறது என்று நாலு வரி. எல்லாவற்றுக்கும் மேலே கொட்டை எழுத்தில் பெயர். அந்தப் பெயரை நினைத்து நினைத்து எம்பார் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. எள்ளு காய்வது எண்ணெய்க்கு, எலிப்புழுக்கை எதற்குக் காயவேண்டும் என்பார்கள். கோமளவல்லியும் கூடவே தூங்கவில்லை.

அவளுடைய பயமெல்லாம் மாமனாரைப் பற்றி. அந்த வீட்டில் தளிகையாகிற எதையும் முதலில் பெருமாள் பார்க்க வேண்டும். அவருக்கு அமுது செய்விக்கும் வரை, அவர்கள் பேச்சில் அம்சை பண்ணும் வரை, வெளி ஆள் கண் அதன்மேல் படக்கூடாது. வீட்டு மனிதர்களே முகர்ந்து பார்க்கக்கூடாது, ஆசையாக எட்டிப் பார்க்கக்கூடாது. அடுப்பில் ஏறினாலும் சரி, ஏறாத பச்சடி பானகமானாலும் சரி. மற்றதிலெல்லாம் தேசிகன் பச்சைக் குழந்தை. இந்த ஒன்றில் மட்டும் அசையமாட்டார். ஒருமுறை உறவுக்காரக் குழந்தை ஒன்று மூடியைத் திறந்து பார்த்துவிட்டது. அவர் திட்டவில்லை, முகம்கூடச் சுளிக்கவில்லை. வெறும் தீர்த்தத்தைக் குடித்துவிட்டுப் படுத்துவிட்டார். மடப்பள்ளி நெருப்பின் முன்னால் பொழுதெல்லாம் நின்றுவிட்டு வருகிற கிழவர், கத்திரி வெயிலில் பட்டினி கிடந்தால் என்ன ஆவது? திட்டுகிறவராக இருந்தால்கூட அவளுக்கு இவ்வளவு பயம் இருந்திருக்காது.

பெருமாளுக்கு ஆன பிறகு படம் பிடிக்கட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். ஆனால் மாமனார் கோயிலில் உச்சிக்காலம் முடித்து வந்துதான் வீட்டுப் பெருமாளுக்கு ஆராதனம். பத்திரிகைக்காரரோ காலையில் வந்து, மத்தியானத்துக்கு முந்தின பாசஞ்சரைப் பிடித்துவிடுவாராம். முன்னறை ஜன்னலில் நல்ல வெளிச்சமும் காலையில்தான்.

அப்போதுதான் எம்பாருக்கு அந்த யோசனை உதித்தது. பத்திரிகைக்கு என்று எண்ணியிருந்த மாம்பழப் பானகத்தைச் செய்வானேன்? வரைந்துவிட்டால் போயிற்று!

“ஒரு கண்ணாடி டம்ளர்ல பண்ணி வெச்சுடறேன் கோமளா. படத்துல யாருக்குத் தெரியப்போறது?”

“பழத்தையே கொஞ்சம் கரைச்சு வெச்சாத்தான் என்ன?”

“பழத்தைக் கரைச்சா அது தளிகை ஆயிடாதா? வந்தவர் கண்ணு பட்டுடாதா? உள்ளேர்ந்து ஒரு சாமான் இதுல சேரக்கூடாது. வெல்லம் கூடாது, மஞ்சள்பொடிகூடக் கூடாது. அப்பாவுக்கு நாம துரோகம் பண்ணினதா இருக்கப்படாது.”

கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. தின்கிற பொருள் ஒன்றுகூடச் சேராவிட்டால் அது பதார்த்தமே இல்லை. பதார்த்தமே இல்லை என்றால் யார் பார்த்தால்தான் என்ன? தப்பே நடக்கக்கூடாது என்று இப்படிப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். நஞ்சு தவிர மற்ற எல்லாவற்றையும் விலக்கிவிட்டோம் என்பது இருவருக்கும் உறைக்கவில்லை.

தூரிகை கழுவுகிற கண்ணாடி டம்ளரைத் துடைத்து, கெட்டியாக ஊறின வேலம்பிசின் தண்ணீரில் அரிதாரத்தைக் கலக்கினான். ஏலப்பொடி மாதிரி மேலே துளிக் கரித்தூள். காகிதத்தில் எலுமிச்சை இலை ஒன்று வெட்டிப் பச்சை தீட்டி விளிம்பில் செருகினான். டம்ளருக்கு வெளியே சில்லென்று வேர்த்திருப்பதுபோலப் பிசின் பொட்டுகள் வைத்தான். கோமளவல்லி பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கே நாக்கில் எச்சில் ஊறியது. ஊறினதும் பயமாக இருந்தது.

“இதைக் கையால தொடாதேள்னு அவர்ட்ட சொல்லிடுங்கோ,” என்றாள்.

“சொல்றேன், சொல்றேன்.”

வந்தவர் யேசுதாஸ் என்ற போட்டோக்காரர். படம் எடுப்பதும் அவர்தான், விஷயத்தைக் கேட்டுக்கொண்டு போய் ஆசிரியரிடம் சொல்வதும் அவர்தான். தோளில் காமிரா பெட்டி, முதுகோடு ஒட்டின சட்டை. ரயிலடியிலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார்.

“இன்னா வெயிலு சார் உங்க ஊர்ல! பேசின் பிரிட்ஜ்லேர்ந்து நின்னுக்கினே வரேன். பேஜாராயிடுச்சி. காலைல நாஷ்டா கூட ஆவல.”

கோமளவல்லி செம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். ஒரே மூச்சில் குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பித் தந்தார். இன்னொரு செம்பும் குடித்தார். உள்ளே ஈரத்துணி சுற்றின பானையில் நீர்மோர் இருந்தது. அவளே காலையில் கடைந்து, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப் போட்டது. பெருமாளுக்கு ஆகாமல் அதில் ஒரு துளி வெளியே வராது. வெயிலில் வந்த மனிதருக்கு வெறும் தண்ணீரைக் கொடுத்து உட்காரவைத்தது அவளுக்கு என்னவோபோல் இருந்தது.

யேசுதாஸ் முன்னறைக்குள் போனதுமே டம்ளரைத்தான் பார்த்தார்.

“அடேங்கப்பா! பானகமா? கலர் இன்னாமா கீது! ஃபிலிம்ல கறுப்பு வெள்ளையாத்தான் விழும், அதான் வருத்தம்.”

எம்பாரின் முகம் பூரித்துப்போயிற்று. தொடவேண்டாம் என்று சொல்லவேண்டியவன் சிரித்துக்கொண்டு நின்றான். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த கோமளவல்லி தொண்டையைக் கனைத்தாள். அவன் திரும்பவே இல்லை.

ஜன்னல் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு, படம் வரைகிற பலகையைச் சாய்த்து, டம்ளரை முன்னால் தள்ளி, பின்னால் தள்ளி, யேசுதாஸ் எடுத்துக்கொண்டே இருந்தார். தள்ளும்போதெல்லாம் டம்ளர் அவர் விரலில் ஒட்டியது. “பாகு ஒட்டுது சார்,” என்று விரலை வேட்டி ஓரத்தில் துடைத்துக்கொண்டார். வாயில் வைத்துச் சப்பியிருந்தால்? கோமளவல்லி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள். வைத்திய வீரராகவா, இந்த ஒரு நாழியைத் தாட்டிவிடு, அமாவாசைக்குக் குளத்தில் வெல்லம் கரைக்கிறேன் என்று ஊர்ப் பெருமாளை வேண்டிக்கொண்டாள்.

செய்முறையை அவளிடமே கேட்டார். கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். “நன்னாக் கனிஞ்ச மாம்பழத்தைக் கையாலயே பிசைஞ்சுக்கணும். வெல்லத்தைத் தண்ணியில கரைச்சு வடிகட்டி அதோட சேர்க்கணும். சுக்கு, ஏலம். எலுமிச்சம்பழம் கடைசியில பிழியணும். மண்பானையில வெச்சா ஐஸே வேண்டாம்.” இதையெல்லாம் அவள் எத்தனையோ கோடையில் செய்திருக்கிறாள். இன்றைக்குச் சொல்லும்போது மட்டும் பொய்ச்சாட்சி சொல்வதுபோல் இருந்தது.

“சார், வரையறதுக்கு ஐடியா எங்கேர்ந்து வருது உங்களுக்கு?”

எம்பார் கொஞ்சம் யோசித்தான். “எங்காத்து உள்ளேர்ந்துதான். இவ மோர் கடைஞ்சு கறிவேப்பிலை போடுவா. அது வெள்ளைல அப்படியே மிதக்கும். அதைப் பாத்துண்டே இருந்துதான் பாற்கடல் வரைஞ்சேன். தாயார் புடவைக்கு ஒரு பச்சை கிடைக்காம அலைஞ்சேன், இவ வெள்ளரிக்கா சீவி வெச்சிருந்தா, தோலுக்கு அடியில ஒரு பச்சை இருக்கு பாருங்கோ, அதுதான் அது.”

கோமளவல்லிக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அவன் அவளிடம் சொன்னதே இல்லை. கட்டின பெண்டாட்டியிடம் சொல்லத் தெரியாது, காமிராக்காரரிடம் சொல்லத் தெரிகிறது. கோபமும் சந்தோஷமும் சேர்ந்து வர, முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் உள்ளே போனாள்.

அந்த ஒரு நிமிஷம்தான்.

திரும்பி வந்து பார்த்தபோது யேசுதாஸ் காமிராவைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டு, டம்ளரைக் கையில் எடுத்திருந்தார். காகித இலையை இன்னொரு கையால் ஓரமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார்.

“வேலை முடிஞ்சிபோச்சி. இதை நான் குடிச்சிக்கட்டுமா சார்? தொண்டையெல்லாம் காஞ்சிக்கினு கீது.”

எம்பார் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் கண் டம்ளரின் மேல் இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை.

சொன்னால் எல்லாம் போயிற்று. பொய்ப் பானகம் வைத்து ஏமாற்றினான் என்று படம் போகும், பக்கம் போகும், பெயர் போகும். அது அவன் முகத்தில் எழுதி ஒட்டினாற்போல் கோமளவல்லிக்குத் தெரிந்தது. இதோ சொல்லிவிடுவான், இதோ சொல்லிவிடுவான் என்று அவள் பார்த்தாள். டம்ளர் மேலே போயிற்று. அவன் சொல்லவில்லை.

வெளி ஆணுக்கு எதிரே நின்று பேசாதவள் எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஓங்கி ஒரே தட்டு. டம்ளர் சுவரில் மோதிச் சில்லுச் சில்லாகச் சிதறியது. மஞ்சள் தரையெல்லாம் ஓடியது.

“விஷம்!” என்றாள். “அது விஷம்! உதட்டுல பட்டுதா? சொல்லுங்கோ, பட்டுதா?”

யேசுதாஸ் இரண்டடி பின்னால் போனார். “இல்லம்மா... இன்னாம்மா சொல்றீங்க?”

அவரை முற்றத்துக்கு இழுக்காத குறையாக அழைத்துப் போய், புளியைக் கையில் கொடுத்து, விரல் விரலாகத் தேய்க்கச் சொன்னாள். உதட்டையும் கழுவச் சொன்னாள். திரும்பத் திரும்பத் தண்ணீர் ஊற்றினாள். ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள்: பெருமாளுக்கு முன்னால் யாரும் பார்க்கக்கூடாது, மாமனார் சாப்பிடமாட்டார், அதனால் வரைகிற சாமானை வைத்து இப்படிப் பண்ணினோம், மன்னித்துவிடுங்கோ, மன்னித்துவிடுங்கோ.

அவர் முற்றத்துப் படியில் உட்கார்ந்துவிட்டார். “ஊட்ல மூணு கொயந்தைங்க கீதும்மா எனக்கு,” என்றார். கழுவின பிறகும் உதடு வெளுத்துக் கிடந்தது.

கோமளவல்லி அவரைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று உள்ளே போனாள். ஈரத்துணி சுற்றின பானையின் மூடியைத் திறந்தாள். பெருமாள் இன்னும் பார்க்காத மோரை, அவர் சன்னிதிக்கு எதிரிலேயே, பெரிய வெள்ளிச் செம்பு நிறைய மொண்டாள். கொண்டுவந்து யேசுதாஸ் கையில் கொடுத்தாள்.

“இது நிஜ மோர். குடியுங்கோ. பயமா இருந்தா நான் முதல்ல குடிச்சுக் காட்டறேன்.”

“வாணாம்மா. நீங்க குடுத்தா குடிப்பேன்,” என்று அண்ணாந்து குடித்தார். அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே அவள் நின்றாள். எதற்காக இத்தனை கூத்தும் அடித்தார்களோ அதைத் தன் கையாலேயே மீறியாயிற்று. பயம் வரும் என்று எதிர்பார்த்தாள். மோர் குடித்தவர் முகம் தெளிந்ததைப் பார்த்ததில் அப்போதைக்கு வரவில்லை.

எம்பார் முன்னறையை விட்டு வெளியே வரவே இல்லை. கிளம்பும்போது யேசுதாஸ் உள்ளே எட்டிப் பார்த்து, “படம் நல்லா வந்திருக்கும் சார். எடுத்ததைப் போட்டுருவாங்க. நான் யாருக்கும் சொல்லமாட்டேன்,” என்றார். எம்பார் குனிந்து கண்ணாடிச் சில்லுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

மத்தியானம் தேசிகன் வந்தார். மிச்ச மோரைத்தான் பெருமாளுக்கு வைத்தார், பிறகு தானும் குடித்தார். “இன்னிக்கு மோர் நன்னா இருக்கு,” என்றார். கோமளவல்லி சொல்லலாம் என்று வாயெடுத்தாள். அவருடைய வெந்துபோன கைகளைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

அன்றிரவே எம்பாரிடம் கேட்டாள். “ஏன் சொல்லலே?”

“வாய் வரலை கோமளா.”

நம்பவும் முடியவில்லை, நம்பாமலிருக்கவும் முடியவில்லை. அதற்கப்புறம் அவர்கள் அதைப் பேசவில்லை. அவன் சாப்பிட்டான், வரைந்தான். அரிதாரத்தை மட்டும் தொடவில்லை. பெருமாள் பீதாம்பரம் இல்லாமல் பலகையில் பாதியில் நின்றார். அவள் பரிமாறினாள், ஆனால் அவன் முகத்தைப் பார்த்துப் பரிமாறவில்லை. பார்த்தால் அந்தத் திறந்த வாய்தான் தெரிந்தது.

பத்திரிகை வந்தது. பக்கத்து வீட்டுக் கோதைநாயகி மாமிதான் அதைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள். தேசிகன் அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து கால் அலம்பிக்கொண்டிருந்தார்.

“தேசிகன் மாமா! உங்க பிள்ளை பேரைப் பாருங்கோ! எத்தனை பெரிய எழுத்து!”

தேசிகன் ஈரக்கையை அங்கவஸ்திரத்தில் துடைத்துக்கொண்டு, பத்திரிகையைத் தூரப் பிடித்து எழுத்துக் கூட்டினார். “ஓ-வி-யர் எம்-பார்.” இன்னொரு தரமும் படித்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. எம்பார் தூரிகையைப் பிடித்தபடி முன்னறை வாசலில் வந்து நின்றான். இத்தனை வருஷம் ஏங்கின பெயர், அப்பாவின் வாயாலேயே கேட்கிறான்.

“பானகத்தைப் பாருங்கோ, குடிக்கணும்போல இருக்கு,” என்றாள் மாமி. “கோமளா கைப் பக்குவம்!”

தேசிகனின் விரல் பெயரிலிருந்து கீழே இறங்கி டம்ளரில் நின்றது.

“பானகமா? இந்தக் கோடையில நம்மாத்துல மாம்பழப் பானகம் பண்ணவே இல்லையே. நான் பெருமாளுக்கு அம்சை பண்ணலையே.” நிமிர்ந்து பார்த்தார். “யார் பண்ணினா இதை?”

கோமளவல்லி எம்பாரைப் பார்த்தாள். எம்பாரின் கண் பத்திரிகைமேல் இருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. அதே வாய். மாமி இங்கேயும் அங்கேயும் பார்த்தாள்.

“நான் பண்ணினேன்ப்பா,” என்றான் எம்பார். “அது பானகம் இல்லே. அரிதாரம். வந்தவர் குடிக்கப் போனார். நான் பாத்துண்டே இருந்தேன். பேரு போயிடுமேன்னு வாயைத் திறக்கலை. இவதான் தட்டிவிட்டா.”

மாமி மெல்ல வாசலைப் பார்த்து நகர்ந்துவிட்டாள். தேசிகன் பத்திரிகையை மடித்தார். கோமளவல்லிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. புருஷன் சொல்லிவிட்டான், இனி தான் மறைத்தால் நியாயமில்லை என்று தோன்றியது.

“நானும் ஒண்ணு பண்ணிட்டேன் மாமா. அன்னிக்கு அவருக்குத்தான் முதல்ல மோர் கொடுத்தேன். மிச்சத்தைத்தான் நீங்க பெருமாளுக்கு வெச்சேள்.”

கிழவர் ஒன்றுமே பேசவில்லை. அதுதானே அவள் பயந்தது. உள்ளே போய் மடி வேஷ்டி கட்டிக்கொண்டார். பெருமாளுக்குத் தீர்த்தம் சேர்த்தார், துளசி சாற்றினார். அவள் தளிகைப் பாத்திரங்களை ஒவ்வொன்றாக மூடிக் கொண்டுபோய் வைத்தாள். இன்றைக்கு இவர் தீர்த்தத்தைக் குடித்துவிட்டுப் படுத்துவிடுவார் என்றே நினைத்தாள். பெருமாள் அமுது செய்யும்போது யார் கண்ணும் படாமல் போடுகிற திரையை இழுக்க அவர் கை வைத்தார். வைத்த கையோடு நின்றார்.

“கோமளா.”

“மாமா.”

“வாசல்ல யாராவது தாகமா நிக்கறாளான்னு பாத்துட்டு வா. அப்புறம் திரையைப் போடறேன்.”

அவள் வாசலுக்கு ஓடினாள். குளத்துப் பக்கம் திரும்புகிற வரைக்கும் வீதி வெயிலில் வெறிச்சென்று கிடந்தது. யாரும் இல்லை என்று சொல்லத் திரும்பினாள். அழுகைதான் வந்தது, சத்தம் வரவில்லை.

அவளுக்குப் பின்னால் வந்து நின்றிருந்த எம்பார்தான் வீதியை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு உள்ளே கேட்கும்படி உரக்கச் சொன்னான்.

“யாரும் இல்லேப்பா. திரையைப் போடுங்கோ.”